எதிர்ச்சொல்லைப் பிடித்து மலாய் கற்போம்: கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கோ, படிப்புக்கோ, கல்யாணமாகியோ கோலாலம்பூருக்கு வந்து இறங்கும் தமிழர்கள் பலர், முதல் சில வாரங்களில் தமிழே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா, செந்தூல் பக்கமெல்லாம் அது உண்மைதான். பூக்கடை, மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாமே தமிழில் ஓடும். ஆனால் கிளினிக் கவுண்டர், வாடகை அறை, பஸ், பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தை என்று கொஞ்சம் வெளியே போனால் மலாய் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின்படி அதுதான் நாட்டின் தேசிய மொழி. அறிவிப்புப் பலகை, படிவம் எதை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது மலாய்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, சொற்களை ஒற்றை ஒற்றையாக மனப்பாடம் செய்யாதீர்கள், எதிர்ச்சொல்லோடு ஜோடியாகப் பிடியுங்கள் என்பதுதான். உள்ளே என்றால் கூடவே வெளியே, விலை அதிகம் என்றால் கூடவே மலிவு. ஒன்று நினைவுக்கு வந்தால் மற்றதும் பின்னாலேயே வந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். ஒரு சொல்லுக்கு ஓர் எதிர்ச்சொல் என்று பள்ளிக்கூடத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பியிருப்போம். நடைமுறை அப்படி இல்லை. நம் அடுப்படியிலேயே பாருங்கள். பச்சரிசிக்கு எதிர் புழுங்கலரிசி. பச்சை மிளகாய்க்கு எதிர் காய்ந்த மிளகாய். பச்சைத் தண்ணீருக்கு எதிர் சுடுதண்ணீர். பச்சை ஒன்றுதான், எதிரில் வந்து நிற்பது மட்டும் ஒவ்வோர் இடத்திலும் மாறுகிறது. மலாயிலும் இதே கதைதான். சொல்லைக் கற்கும்போது அது நின்ற இடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டால் குழப்பமே வராது.

உச்சரிப்புக்கு ஒரு குறிப்பு: கீழே புக்கா, பெலும், பாரு, போலே ஆகியவற்றில் வருவது பஸ்ஸில் வரும் ப. பானாஸ், பெனூ ஆகியவற்றில் வருவது பத்தில் வரும் ப. மற்றதை அக்கம்பக்கத்தார் வாயிலிருந்து கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் படி: கதவில் தொடங்குங்கள்

நகரம் முழுக்க இலவசமாக மாட்டியிருக்கும் பாடம் கதவுகளில் இருக்கிறது. மாசுக் என்றால் உள்ளே போ, கெலுவார் என்றால் வெளியே வா. புக்கா என்றால் திறந்திருக்கிறது, தூத்துப் என்றால் மூடியிருக்கிறது. கண்ணாடிக் கதவில் ஒரு பக்கம் தோலாக், மறுபக்கம் தாரிக். தள்ளு, இழு. இதில் எது எது என்று பலருக்குக் குழம்பும். தே தாரிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தேநீரை நீளமாக இழுத்து ஆற்றுவதால்தான் அந்தப் பெயர். தாரிக் என்றால் இழு. இனி எந்தக் கதவு முன்னாலும் தயங்க வேண்டியதில்லை.

இப்போது தோலாக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். கதவில் அதன் எதிர்ச்சொல் தாரிக். பிள்ளையின் கணக்குப் புத்தகத்தில் தோலாக் என்றால் கழித்தல். அங்கே எதிர்ச்சொல் தாம்பா, கூட்டல். நீங்கள் கொடுத்த விண்ணப்பத்துக்குத் தோலாக் என்று பதில் வந்தால் நிராகரித்துவிட்டார்கள் என்று பொருள். அங்கே எதிர்ச்சொல் தெரிமா, ஏற்றுக்கொள். நாமும் கதவைத் தள்ளுகிறோம், மனுவைத் தள்ளுபடி செய்கிறோம். தமிழில் யோசித்தாலே பாதி புரிந்துவிடுகிறது.

இரண்டாம் படி: இல்லை என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இதுதான் முக்கியமான படி, இதற்கு நேரம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லால் மறுப்புச் சொன்னால் மலாய்க்காரர் உங்களைத் தவறாகப் புரிந்துகொள்வார். தமிழரான நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் மொழியிலேயே இல்லை, அல்ல, வேண்டாம், முடியாது, கூடாது, தெரியாது என்று மறுப்பு பலவிதமாகப் பிரிந்து கிடக்கிறது.

எளியதை முதலில் முடித்துவிடலாம். ஆடா என்றால் இருக்கிறது, தாக் ஆடா என்றால் இல்லை. நாக் என்றால் வேண்டும், தாக் நாக் என்றால் வேண்டாம். போலே என்றால் முடியும், தாக் போலே என்றால் முடியாது. தாவு என்றால் தெரியும், தாக் தாவு என்றால் தெரியாது. முன்னால் ஒரு தாக் போட்டால் போதும். தீடாக் என்பதன் பேச்சுவழக்குதான் இந்தத் தாக். 2004-இல் அரசு தொடங்கிய புகைபிடித்தலுக்கு எதிரான இயக்கத்துக்கே தாக் நாக் என்றுதான் பெயர். ஒன்று மட்டும்: போலே என்பதற்குள் முடியும், செய்யலாம் இரண்டும் அடக்கம். ஆகவே தாக் போலே என்று காவலாளி சொன்னால், உங்களால் முடியாது என்று சொல்கிறாரா, கூடாது என்று தடுக்கிறாரா என்பதை இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆமாம் என்று சொல்லவும் தனிச்சொல் தேட வேண்டாம். சாப்பிட்டீர்களா என்றால் நாம் சாப்பிட்டேன் என்கிறோம் அல்லவா? அதேபோல் ஆடா என்று கேட்டால் ஆடா, போலே என்று கேட்டால் போலே.

அடுத்தது புக்கான். எழுத்துத்தமிழில் அல்ல என்று வரும் இடத்தில் எல்லாம் இதைப் போடுங்கள். நான் மருத்துவர் அல்ல, இது என் வண்டி அல்ல, இன்று அல்ல நாளை. இப்படிப் பெயர்ச்சொல்லை மறுக்கும்போது புக்கான்தான் வரும், தீடாக் வராது. மேசைக்கு வேறொருவரின் காப்பி வந்துவிட்டால் 'இனி புக்கான் கோப்பி சாயா' என்று சொல்லுங்கள்: இது என் காப்பி அல்ல. பேச்சில் நாம் அல்ல என்பதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்லப் பழகிவிட்டதால்தான் இந்த இடத்தில் தடுமாறுகிறோம். வாக்கியத்தை ஒரு தடவை எழுத்துத்தமிழில் மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் போதும். அல்ல வந்தால் புக்கான், மற்றபடி தாக். இன்னொரு அழகு பாருங்கள். புக்கானின் வால்தான் வாக்கியக் கடைசியில் கான் என்று வரும். 'செடாப் கான்?' என்றால் 'ருசியா இருக்கு, இல்லையா?' என்று பொருள். மறுக்கும் சொல்லையே திருப்பிப்போட்டு ஆமோதிப்பு வாங்குவது இரண்டு மொழிக்கும் பழக்கமாக இருக்கிறது.

மூன்றாவது, பெலும். சூடா என்றால் ஆயிற்று. அதன் எதிர்ச்சொல் பெலும், இன்னும் ஆகவில்லை. ஒரு கிளினிக் கவுண்டரில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரிலிருந்து வந்து அதிக நாள் ஆகாத ஒரு தம்பி மருந்து வாங்க நின்றுகொண்டிருந்தார். 'சூடா பாயார்?' என்று கேட்டார் கவுண்டரில் இருந்த பெண். பணம் கட்டியாச்சா என்று அர்த்தம். தம்பி 'தீடாக்' என்றார். அந்தப் பெண் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், மருந்துப்பையை மெல்லத் தன் பக்கம் நகர்த்திவைத்தார். கட்ட மாட்டேன் என்று சொல்வதுபோல் அவருக்குப் பட்டிருக்கிறது. பின்னால் நின்ற ஓர் அக்கா, 'பெலும்னு சொல்லுங்க தம்பி' என்று எடுத்துக்கொடுத்த பிறகுதான் காரியம் நடந்தது. சாப்பிட்டாச்சா, கல்யாணம் ஆச்சா, பதிவு பண்ணியாச்சா என்று சூடாவில் தொடங்கும் எந்தக் கேள்விக்கும் பதில் சூடா அல்லது பெலும். அறுபது வயதில் தனியாக இருக்கும் ஒருவரைக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாலும் பெலும் என்பதுதான் இயல்பான பதில். இன்னும் ஆகலாம் என்று கதவைத் திறந்துவைக்கும் சொல் அது.

நான்காவது, ஜாங்ஙான். போகாதே, தொடாதே என்பதில் வரும் அந்த 'ஆதே'தான் இது. பலகைகளில் இதன் கண்டிப்பான உருவம் டிலாராங், தடை. டிலாராங் மெரோக்கோக் என்றால் புகைபிடிக்கத் தடை, டிலாராங் மாசுக் என்றால் உள்ளே நுழையத் தடை. இந்த இரண்டு பலகையையும் அடையாளம் தெரிந்தாலே அபராதம், அவமானம் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம்.

மூன்றாம் படி: இரண்டுக்கும் நடுவே இருப்பதைத் தேடுங்கள்

திறந்த கடைக்கும் மூடிய கடைக்கும் நடுவே எதுவும் இல்லை. சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. பானாஸ் என்றால் சூடு, செஜுக் என்றால் குளிர்ச்சி, நடுவில் சுவாம். சாப்பாட்டுக்கடையில் ஆயேர் சுவாம் என்று கேட்டால் வெதுவெதுப்பான நீர் கொடுப்பார்கள். நம்மிடம் வெந்நீரும் தண்ணீரும் நேர் எதிராக நின்ற சொற்கள். தண் என்றாலே குளிர்ச்சி. பிறகு தண்ணீர் என்பது எல்லா நீருக்கும் பொதுப்பெயராகிவிட்டதால், சுடுதண்ணீர் என்று கூசாமல் சொல்கிறோம். ஜோடியில் ஒன்று மற்றதை விழுங்கிவிடுவதும் மொழியில் நடக்கிறது.

இப்படி அளவாக ஏறி இறங்கும் ஜோடிகளில் ஒன்றை மறுத்தால் மற்றது ஆகிவிடாது. மாஹால் என்றால் விலை அதிகம், மூரா என்றால் மலிவு. தாக் மாஹால் என்று கடைக்காரர் சொன்னால் மலிவு என்று அவர் சொல்லவில்லை. வழி கேட்கும்போது இது இன்னும் முக்கியம். ஜாவு என்றால் தூரம், டெக்காட் என்றால் பக்கம். தாக் ஜாவு என்று ஒருவர் கைகாட்டினால் நல்ல வெயிலில் கால்மணி நேரம் நடக்க வேண்டியிருக்கலாம். டெக்காட் ஸாஜா என்று சொன்னால்தான் உண்மையிலேயே பக்கம். கேள்வியை எப்போதும் பெரிய பக்கத்துச் சொல்லால் கேளுங்கள். பக்கத்துத் தெருவாகவே இருந்தாலும் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்போம். எவ்வளவு பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. மலாயிலும் 'பெராப்பா ஜாவு?' தான்.

கூராங், லெபெ. குறைவு, அதிகம். இந்த ஜோடி உங்களுக்கு நாளெல்லாம் உழைக்கும். இங்கே தே, கோப்பி என்றாலே இனிப்பான டின் பால் ஊற்றித்தான் வரும். சர்க்கரையைக் குறைக்க வேண்டுமானால் கூராங் மானிஸ். பாசார் மாலாமில் விலை பேச 'போலே கூராங்?' அதற்கு 'ஹார்கா மாத்தி' என்று பதில் வந்தால் ஒரே விலை, பேரம் கிடையாது. மென்மையாக மறுக்கவும் கூராங் உதவும்: உடம்பு சரியில்லை என்பதைக் கூராங் சிஹாட் என்று பதமாகச் சொல்லலாம். ஆனால் கூராங் ஆஜார் என்பதை விளையாட்டுக்குக்கூட வாயில் எடுக்காதீர்கள். வளர்ப்புச் சரியில்லை என்று தாய் தகப்பனையும் சேர்த்து இழுக்கும் கடுமையான வசை அது. இரண்டையும் சேர்த்து லெபெ கூராங் என்றால், நம் ஏறக்குறையவேதான். கூடக்குறைய என்றும் சொல்வோமே, அச்சு அசலாக அதுவே.

நான்காம் படி: ஒரு சொல்லுக்கு எத்தனை எதிர்ச்சொல் என்று எண்ணிப் பாருங்கள்

குடியிருப்புப் பகுதிகளில் பழைய பேப்பர் வாங்கும் லாரி ஒலிபெருக்கியில் 'சூராட் காபார் லாமா' என்று கூவிக்கொண்டே போகும். லாமா என்றால் பழைய. எதிர்ச்சொல் பாரு, புதிய. ஆனால் வயதான மனிதரை லாமா என்று சொல்லக்கூடாது, அவர் துவா. அதற்கு எதிர் மூடா, இளமை. காவான் லாமா என்றால் பழைய நண்பர், காவான் துவா என்றால் வயதான நண்பர். அப்புறம், நெடுநேரம் என்பதற்கும் லாமாதான், அங்கே எதிர்ச்சொல் செகெஜாப், கொஞ்ச நேரம். 'சூடா லாமா டி ஸீனி?' என்று உங்களை எல்லோரும் கேட்பார்கள்: இங்கே வந்து ரொம்ப நாளாச்சா? 'பாரு லாகி' என்று சொல்லுங்கள், இப்போதுதான். அதற்குப் பிறகு பேசுகிறவர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.

கோசோங் என்றால் வெறுமை. பாத்திரத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் எதிர்ச்சொல் பெனூ, நிறைந்துவிட்டது. ரொட்டிக் கடையில் ரொட்டி கோசோங்குக்கு எதிரே நிற்பது முட்டை போட்ட ரொட்டி தெலூர். கோப்பி ஓ என்றால் பால் கிடையாது, சர்க்கரை உண்டு. கோப்பி ஓ கோசோங் என்றால் இரண்டும் கிடையாது. தொலைபேசி எண் சொல்லும்போது கோசோங் என்பது பூஜ்யம்.

கானான் என்றால் வலது, கீரி என்றால் இடது. அலுவலகத்தில் பெகாவாய் கானான் என்றால் வலப்பக்க அதிகாரி என்று நினைக்க வேண்டாம், மூத்த அதிகாரி.

டாலாம் மட்டும் கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள். உள்ளே என்ற பொருளில் எதிர்ச்சொல் லுவார், வெளியே. ஆழம் என்ற பொருளில் எதிர்ச்சொல் செத்தெக், ஆழமில்லாதது. விடுமுறைக்கு அருவிப் பக்கம் போகும்போது 'பாஹாயா, ஆயேர் டாலாம்' என்ற பலகையைக் கண்டால், ஆபத்து, தண்ணீர் ஆழம் என்று எச்சரிக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஜோடி உள்ள சொல்லே சில இடங்களில் ஜோடியில்லாமல் நிற்பதும் உண்டு. ஹீடுப் உயிரோடிருப்பது, மாத்தி செத்தது. இயந்திரத்துக்கும் இதே ஜோடிதான். எரிபொருள் நிலையத்தில் என்ஜினை நிறுத்தச் சொல்லும் பலகையில் மாத்திகான் என்று இருக்கும். ஜாலான் மாத்தி என்றால் முட்டுச்சந்து. அதற்காகப் போக்குவரத்து உள்ள சாலையை ஜாலான் ஹீடுப் என்று யாரும் சொல்வதில்லை, வாழ்க்கைப் பாதை என்றாகிவிடும்.

ஐந்தாம் படி: நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

சில ஜோடிகள் ஒரே காரியத்தின் இரண்டு முனைகள். வாங்குவதும் விற்பதும், கொடுப்பதும் எடுப்பதும். வாடகை விஷயத்தில் இது பணத்தோடு சம்பந்தப்பட்டது. செவா என்றால் வாடகைக்கு எடு, செவாகான் என்றால் வாடகைக்கு விடு. 'சாயா நாக் செவா பிலிக்' என்றால் அறை தேடுகிறீர்கள். கடைசியில் ஒரு கான் சேர்த்துவிட்டால், அறை வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஆகிவிடுவீர்கள். பிஞ்சாம், பிஞ்சாம்கான் என்பதும் அப்படித்தான், கடன் வாங்கு, கடன் கொடு. முன்னே பார்த்த கேள்விக் கானும் இந்த ஒட்டும் வேறு வேறு. இது வினையின் முனையைத் திருப்பிவிடுகிறது.

விடைபெறுவதும் இப்படித்தான். கிளம்புகிறவர் சொல்வது செலாமாட் திங்கால், இருப்பவர் சொல்வது செலாமாட் ஜாலான். போய் வருகிறேன், போய் வாருங்கள் என்று நாம் இடம் மாற்றிச் சொல்வதை நினைவில் வைத்தால் போதும்.

நாங்கள், நாம் என்ற வேறுபாடு மலாயிலும் இருக்கிறது: காமி, கித்தா. கேட்பவரைச் சேர்க்காமல் சொன்னால் காமி, சேர்த்துக்கொண்டால் கித்தா. இதைத் தமிழருக்கு விளக்கவே வேண்டியதில்லை. உறவுச்சொல்லில் மட்டும் நம்மைவிடச் சுருக்கம். மூத்தவர்களை ஆபாங், காக்காக் என்று அண்ணன், அக்காவாகப் பிரிப்பார்கள். இளையவர்களுக்குத் தம்பியானாலும் தங்கையானாலும் ஆடிக் ஒன்றுதான்.

ஆறாம் படி: இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்

தமிழில் இரவுபகல் என்று உம்மைத்தொகையாகச் சேர்ப்போம். மலாயில் சியாங் மாலாம், பகலிரவு என்று வரிசை மாறும். விலைவாசி ஏற்ற இறக்கம் அங்கே தூருன் நாயிக், இறக்க ஏற்றம். ஜுவால் பெலி என்றால் விற்பனையும் வாங்கலும். வீடு வாங்கும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தின் பெயரிலேயே இது இருக்கும். போய்வரும் டிக்கெட்டுக்குப் பெர்கி பாலிக். நம்மைப்போல் எந்தப் பக்கம் முதலில் என்று இவர்களுக்கும் மரபு உண்டு, மாற்றிச் சொன்னால் காதுக்கு ஒட்டாது. அதனால் கேட்டபடியே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த ஜோடிகளும் இருக்கின்றன. சியுர்கா, நெராகா: சொர்க்கம், நரகம். சூக்கா டூக்கா: சுகதுக்கம். புத்தெரா, புத்தெரி: புத்திரன், புத்திரி. சமஸ்கிருதத்திலிருந்து இரண்டு மொழிக்கும் போய்ச் சேர்ந்தவை. டோசா என்றால் பாவம், அதன் எதிர்ச்சொல் பாஹாலா, புண்ணியம். தோஷமும் பலனும்தான் இப்படி எதிரெதிராக வந்து நிற்கின்றன.

ஏழாம் படி: நோட்டில் எப்படி எழுதுவது

ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல். அதைக் கேட்ட இடத்தை வாக்கியத்தோடு எழுதுங்கள், பக்கத்தில் அந்த இடத்துக்குரிய எதிர்ச்சொல். அடுத்த முறை அதே சொல் வேறோர் இடத்தில் கேட்டால் அதே பக்கத்தில் கீழே சேருங்கள். தோலாக் பக்கத்தில் கதவு, கணக்கு, விண்ணப்பம் என்று மூன்று வரி சேர்ந்துவிட்டால் அந்தச் சொல் உங்களுடையது. கடையில் நிற்கும்போது 'லாவான் டியா ஆப்பா?' என்று கேளுங்கள், இதற்கு எதிர் என்ன என்று அர்த்தம். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்து சரிபார்க்க, மலாய் மொழி வளர்ச்சிக்காக 1956-இல் தொடங்கிய அரசு அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. சொல்லைத் தட்டினால் வரும் விளக்கத்துக்குக் கீழே சொற்களஞ்சியப் பகுதி இருக்கும். அதில் பெர்ஆன்தோனிம் என்ற சொல்லைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் வருவதுதான் எதிர்ச்சொல். ஒரே சொல்லுக்குப் பொருள்வாரியாக எண் போட்டு வேறு வேறு எதிர்ச்சொல் கொடுத்திருந்தால், ஒவ்வோர் எண்ணுக்கும் நோட்டில் ஒரு வரி விட்டுவையுங்கள். அந்த வரிக்குரிய இடத்தை வெளியே போகும்போது தேடிப் பிடித்து நிரப்பலாம்.